திரும்பச் சொல்லாத வீடு

கல்யாணப் பந்தியிலும், பேரப்பிள்ளைகள் கூடியிருக்கும் கூடத்திலும், வயதானவர் ஒருவரின் சிரிப்பு மற்றவர்களுடைய சிரிப்புக்குக் கொஞ்சம் பிந்தி வருவதைச் சில காலமாகக் கவனித்துவருகிறேன். யாரோ ஏதோ சொல்கிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார், அப்புறம் சிரிக்கிறார். சொன்னது அவர் காதில் விழவில்லை என்பது பார்த்தாலே தெரிகிறது. விழவில்லை என்று சொல்லிக்கொள்ள அவருக்கு மனமில்லை. எப்போதாவது துணிந்து பக்கத்தில் இருக்கும் மகளிடம் "என்னம்மா சொன்னான்?" என்று கேட்டுவிட்டால், "ஒண்ணுமில்லப்பா, சும்மா பேசிக்கிட்டிருந்தோம்" என்று பதில் வருகிறது. அந்தப் பதிலில் பொய் இல்லை. உண்மையிலேயே சும்மாதான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒரு வீட்டின் பேச்சில் பெரும்பகுதி அந்தச் சும்மாப் பேச்சுதான். எதிர்வீட்டுக்காரர் வண்டி மாற்றியது, கத்தரிக்காய் விலை, யாருடைய மகளுக்கோ வரன் அமைந்தது, மாடித் தொட்டியில் தண்ணீர் வழிந்தது. இவையெல்லாம் இரண்டாம் முறை உரக்கச் சொல்லும் அளவுக்கு முக்கியமானவை என்று யாருக்கும் தோன்றுவதில்லை. சில வருடங்களில் அவரை வந்தடையும் பேச்சு சாப்பிட வாங்க, குளிச்சாச்சா, மாத்திரை போட்டாச்சா என்ற மூன்றில் அடங்கிவிடுகிறது. பிறகு ஒருநாள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் குரலைத் தாழ்த்தி, "அவருக்கு இப்பல்லாம் ஒண்ணும் ஞாபகம் இருக்கறதில்ல" என்கிறார்கள். என்னை விடாமல் அரிப்பது இதுதான்: அவர் மறந்ததாகச் சொல்லப்படும் விஷயங்களில் எத்தனை அவருக்குச் சொல்லப்பட்டவை?

காது மந்தமானவர்களைப் பற்றி வீடுகளில் ஒரு குற்றச்சாட்டு உண்டு. "அவருக்கு வேண்டியது மட்டும் காதுல விழும்." பணத்தைப் பற்றி அடுத்த அறையில் பேசினால் கேட்கிறது, தண்ணீர் கொண்டுவரச் சொன்னால் கேட்பதில்லை என்பார்கள். இதை ஓர் உடல் நிகழ்வாகப் பார்த்தால் குற்றச்சாட்டில் பாதி உதிர்ந்துவிடும். உட்செவியில் நத்தைக் கூடு மாதிரி சுருண்டிருக்கும் காக்ளியாவில், ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்களோடு பிறக்கிறோம். மனிதர்களுக்கு அவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. சுருளின் வாசலில் இருக்கும் செல்கள் கீச்சென்ற உயர்ந்த ஒலிகளுக்கானவை. வயதில் முதலில் போவதும் அவைதான். அதனால் லாரி கேட்கும், கிரைண்டர் கேட்கும், கனத்த ஆண்குரல் கேட்கும். கொலுசும் குழந்தையின் குரலும் கைக்கடிகார அலாரமும் மெல்ல நழுவும். பேச்சில் உயிரோசைகள் தாழ்ந்த சுருதியில் இருப்பதால் தங்கிவிடுகின்றன. ச, த, ப, க போன்ற வல்லின ஓசைகள் தேய்கின்றன. தட்டு, பட்டு, கட்டு மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. "பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல" என்று காதுப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் அலுக்காமல் சொல்லும் வாக்கியத்துக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் கிடையாது. இன்னொரு கொடுமையும் இருக்கிறது. பழுதான காதில் மெல்லிய ஒலிக்கும் தாங்கமுடியாத ஒலிக்கும் இடையிலான தூரம் சுருங்கிவிடும். சாதாரணமாகச் சொன்னால் கேட்காது, கொஞ்சம் கூட்டினால் காதைக் குத்தும். "மெதுவா சொன்னா கேக்கல, சத்தமா சொன்னா ஏன் கத்துறேன்னு சண்டைக்கு வர்றார்" என்று மருமகள்கள் புலம்புவதும் நிஜம், அவர் சண்டைக்கு வருவதும் நிஜம். கத்திப் பேசுகிறவரின் முகம் கோபமுகம் போலவே இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சொல் புரியாத ஒருவருக்கு முகம் மட்டும் நன்றாகப் புரிகிறது.

பாதி கேட்டதை மீதி ஊகித்து நிரப்புவது மூளையின் வேலை. அந்த வேலை இலவசமாக நடப்பதில்லை. 1968இல் பாட்ரிக் ராபிட் என்ற ஆங்கிலேய உளவியலாளர் எண்களின் பட்டியலை ஆட்களுக்கு ஒலிபரப்பி, பிறகு நினைவிலிருந்து சொல்லச் சொன்னார். பட்டியலின் பின்பாதியை மட்டும் இரைச்சலோடு ஒலிபரப்பியபோது, இரைச்சலே இல்லாமல் தெளிவாகக் கேட்ட முன்பாதியும் நினைவிலிருந்து நழுவியது. பின்னால் வந்த எண்களைக் காதுகொடுத்துப் பிடிக்கச் செலவான உழைப்பு, முன்னால் வந்தவற்றைப் பத்திரப்படுத்த வேண்டிய கணக்கிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. வட்டி கட்டவே சம்பளம் சரியாகப் போகும் குடும்பம் எதையும் சேமிக்க முடியாது என்பது போல. அந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்களுக்கு அது கொஞ்ச நேரத்து இரைச்சல். காது மந்தமானவருக்கு, விழித்ததிலிருந்து தூங்கும்வரை, மின்விசிறியும் டிவியும் குக்கர் விசிலும் ஓடும் வீட்டில், ஒவ்வொரு வாக்கியமும் அப்படித்தான். மாலையில் அவர் பேச்சிலிருந்து ஒதுங்கிக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதை முரட்டுத்தனம் என்றோ மனச்சோர்வு என்றோ நினைக்கிறோம். களைப்பு என்று நினைக்கத் தோன்றுவதில்லை.

காது மந்தத்துக்கும் டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்க்கும் தொடர்பு உண்டு என்று எண்களோடு உரக்கச் சொன்னவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃப்ராங்க் லின். 2011இல் வெளிவந்த அவருடைய ஆய்வு பால்டிமோரில் 639 பேரை ஏறத்தாழ 12 ஆண்டுகள் தொடர்ந்தது. காது லேசாக மந்தமானவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு இரண்டு மடங்கை ஒட்டியும், நடுத்தர மந்தமானவர்களுக்கு மூன்று மடங்காகவும், கடுமையாக மந்தமானவர்களுக்கு ஐந்து மடங்கை ஒட்டியும் இருந்தது. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023இல் வந்த மதிப்பீட்டைப் பக்கத்தில் வைத்தால் அந்த மடங்குகளின் கனம் தெரியும். ஆனால் நான் இந்த எண்களை முதலில் படித்தபோது வந்த பரபரப்பை இப்போது நம்புவதில்லை. சேர்ந்து வருவது வேறு, ஒன்று மற்றொன்றைக் கொண்டுவருவது வேறு. காதுக்கும் மூளைக்கும் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்களை ஒரே சர்க்கரையும் ஒரே ரத்த அழுத்தமும் சேர்ந்தே கெடுத்திருக்கலாம். அல்லது நோய் முதலில் மூளையில் தொடங்கி, சந்தடியில் ஒரு குரலை மட்டும் பிரித்தெடுக்கும் திறனைக் கெடுத்து, அதைக் காதின் குறையாக நமக்குக் காட்டியிருக்கலாம். ஆராய்ச்சிக்காரர்களே இந்தச் சாத்தியங்களுக்கு நடுவில்தான் நின்றுகொண்டிருக்கிறார்கள். தனிமை என்ற காரணத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில்தான் கண் போகிறது. மற்றவை உடலுக்குள் நடப்பவை. தனிமையில் மட்டும் நமக்குப் பங்கு இருக்கிறது.

2023 ஏப்ரலில் லான்செட் குழுமத்து இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வந்தது. பிரிட்டனின் மாபெரும் தரவுத் தொகுப்பை வைத்து, காது மிஷின் போட்டுக்கொண்டவர்களுக்கு டிமென்ஷியா ஆபத்து கூடவில்லை, போடாதவர்களுக்குத்தான் கூடியது என்று சொன்னது. உலகமெங்கும் செய்தியானது. அதே வருடம் டிசம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது. கணினிக் குறியீட்டில் நேர்ந்த பிழையால் மிஷின் போட்டவர்களும் போடாதவர்களும் கணக்கில் இடம் மாறியிருந்தார்கள். முதல் செய்தியைப் படித்து அப்பாவுக்கு மிஷின் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாவது செய்தி போய்ச் சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அதே 2023இல் அமெரிக்காவில் இன்னும் கறாரான ஒரு சோதனையின் முடிவும் வந்தது. எழுபதிலிருந்து 84 வயதுவரையிலான 977 பேரில் ஒரு பாதிக்குக் காது மிஷின், மறுபாதிக்கு உடல்நல ஆலோசனை. மூன்று வருடம் கழித்து மொத்தமாகப் பார்த்தால் இரு பாதிக்கும் அறிவுத்திறன் சரிவில் வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்களுக்குள், வயதும் கூடி, படிப்பும் வசதியும் குறைந்து, இதயநோய்க்கான ஆபத்துகளும் கொண்ட ஒரு பிரிவினரிடம் மட்டும், மிஷின் போட்டவர்களின் சரிவு 48 சதவீதம் மெதுவாக இருந்தது. 48 என்பதை மட்டும் எடுத்து விளம்பரத்தில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள விரும்புகிறேன். மிஷின் மறதிநோயைத் தடுக்கும் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்ப வேண்டாம். சரிவதற்கு அதிக வாய்ப்புள்ளவர்களுக்கு அது உதவக்கூடும் என்று சொன்னால் காதுகொடுத்துக் கேட்கலாம். நம் ஊர் முதியவர்களில் பெரும்பாலோர் எந்தப் பிரிவைப் போன்றவர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

என் பெரியம்மா சீட்டுப் பிடித்தவர். யார் எத்தனை தவணை கட்டினார்கள், யார் எந்த மாதம் எடுத்தார்கள் என்பதெல்லாம் நோட்டில் ஏறுவதற்கு முன்பே அவர் தலையில் இருக்கும். கணக்கு தடுமாற ஆரம்பித்ததும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். சின்ன அறை, தலைக்கு மேல் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது, வெளியே டோக்கன் எண்களைக் கூப்பிடும் ஒலிபெருக்கி. முகக்கவசம் போட்டிருந்த இளம் மருத்துவர் மரியாதையாகத்தான் பேசினார். "நான் மூணு வார்த்தை சொல்றேன், ஞாபகம் வச்சுக்குங்கம்மா, அப்புறம் கேப்பேன்" என்று சொல்லி, கதவு, தட்டு, ரோஜா என்றார். பெரியம்மா "கதவு, பட்டு, ராஜா" என்று திரும்பச் சொன்னார். மருத்துவர் படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், என்ன கிழமை என்று கேட்டார், படம் ஒன்றைப் பார்த்து வரையச் சொன்னார். அப்புறம் அந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டார். பெரியம்மா யோசிக்கவே இல்லை. "கதவு, பட்டு, ராஜா." மூன்றுக்கு ஒன்று என்று எழுதப்பட்டது. தான் கேட்ட மூன்றையும் அவர் மூன்றாகவே திருப்பித் தந்திருந்தார். எழுந்து இதைச் சொன்னேன். மருத்துவர் ஒரு கணம் பேனாவை நிறுத்தினார், முகக்கவசத்தைக் கீழே இறக்கினார், மூன்று வார்த்தைகளையும் உதடு தெரியும்படி மறுபடி சொன்னார். அவர் அப்படிச் செய்ததற்காக இன்றும் நன்றியோடு இருக்கிறேன். இப்படிப்பட்ட சோதனைகள் பெரும்பாலும் காதால் கேட்டுச் செய்ய வேண்டியவையாகவே இருப்பதால், காது கேளாதவர்களுக்காகக் கேள்விகளை எழுத்தில் காட்டும் வடிவம் ஒன்றை ஆய்வாளர்கள் உருவாக்கி 2023இல் வெளியிட்டிருக்கிறார்கள். நம் வெளிநோயாளிப் பிரிவுகளின் சந்தடியில் அது யார் கையில் இருக்கிறது?

காதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கேட்பதோடு நின்றுவிடுகிறோம். காக்ளியாவை ஒட்டியே, அதே திரவத்தைப் பகிர்ந்துகொண்டு, மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு சிறு பைகளும் இருக்கின்றன. பைகளுக்குள் பசை மாதிரியான படலத்தின்மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் உட்கார்ந்திருக்கின்றன. தலை சாயும்போது அவை சரிந்து, எது மேல், எது கீழ் என்று மூளைக்குச் சொல்கின்றன. அந்தச் செய்தி போய்ச் சேரும் இடங்களில் ஒன்று, நினைவுகளை உண்டாக்கும் ஹிப்போகாம்பஸ். அல்சைமர் நோய் வெகு சீக்கிரத்தில் தாக்கும் பகுதியும் அதுதான். நாம் எங்கே இருக்கிறோம் என்பதைக் குறித்துவைக்கும் செல்கள் அங்கே இருப்பதை ஜான் ஓ'கீஃப் 1971இல் எலிகளிடம் கண்டார். 2014இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எலியின் உட்செவிச் சமநிலை உறுப்பைச் செயலிழக்கச் செய்தால் அந்தச் செல்கள் இடத்தைக் குறிப்பதில் குழம்பிப்போகின்றன. மனிதர்களில் இதற்கு நிகரான சான்றை மியூனிக்கில் தாமஸ் பிராண்ட் குழுவினர் 2005இல் வெளியிட்டார்கள். கட்டி அறுவை சிகிச்சையில் இரண்டு பக்கத்துச் சமநிலை நரம்பையும் இழந்த பத்துப் பேரைச் சில வருடங்கள் கழித்துப் பார்த்தபோது, அவர்களுடைய ஹிப்போகாம்பஸ் ஏறத்தாழ 17 சதவீதம் சுருங்கியிருந்தது. கணினித் திரையில் ஒரு குளத்துக்குள் மறைந்திருக்கும் மேடையைக் கண்டுபிடிக்கும் சோதனையில் தடுமாறினார்கள். பொதுவான நினைவாற்றல் அப்படியே இருந்தது. அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் அந்தச் சோதனையைச் செய்தார்கள் என்பது என்னை நிறுத்தி வைக்கிறது. உடல் அசையவில்லை, விழுந்துவிடும் பயம் இல்லை, இருந்தும் மனத்துக்குள் வழி தெரியவில்லை. பத்துப் பேரை வைத்து உலகத்துக்கு முடிவு சொல்லிவிட முடியாது. அல்சைமர் நோயாளிகளிடம் சமநிலை உறுப்பின் பழுது அதிகம் தென்படுகிறது என்று பால்டிமோரில் யூரி அகர்வால் குழுவினர் கண்டதும் சிறிய எண்ணிக்கைகளை வைத்துத்தான். இருந்தாலும், தன் தெருவிலேயே வழி தவறி நிற்கும் முதியவரைப் பார்க்கும்போது, அவருடைய தலைக்குள் ஏதோ போய்விட்டது என்று மட்டும் இனி என்னால் நினைக்க முடிவதில்லை.

ஸ்வீடனில் 1997இல் நடந்த ஓர் எளிய ஆய்வு சமநிலையையும் காது மந்தத்தையும் எனக்கு ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. லில்லெமோர் லுண்டின்-ஓல்சன் என்ற இயன்முறை மருத்துவர் முதியோர் இல்லவாசிகள் 58 பேரோடு ஒவ்வொருவராக நடந்தபடி பேச்சுக் கொடுத்தார். பதில் சொல்வதற்காக 12 பேர் நின்றுவிட்டார்கள். அந்தப் பன்னிரண்டில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் கீழே விழுந்தார்கள். நமக்குத் தானாக நடக்கும் நடை, அவர்களுக்குக் கவனம் செலுத்திச் செய்ய வேண்டிய வேலையாகியிருந்தது. கேட்பதும் அப்படி ஆகிவிட்ட ஒருவரை இப்போது நினைத்துப் பாருங்கள். ஒரு காலடிக்கும் ஒரு வார்த்தைக்கும் நடுவில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் அவர் வராந்தாவில் நிற்கிறார். நாம் பின்னாலிருந்து கூப்பிடுகிறோம். அவர் சட்டென்று திரும்புகிறார். ஒருமுறை விழுந்து எழுந்ததும் வீடு முழுவதும் ஒரே குரலில், "உக்காருங்க, எந்திரிக்காதீங்க, எது வேணும்னாலும் கேளுங்க" என்கிறது. அன்பால் சொல்வதுதான். ஆனால் தலை அசையாத, கால் நடக்காத உடலிலிருந்து அந்தக் குழல்களுக்கும் துகள்களுக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. பேச்சையும் சொல்லாமல், நடக்கவும் விடாமல், உடம்பை மட்டும் மிகப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இப்படித் தள்ளாடுகிறவர்களுக்குத் தலைசுற்றல் மாத்திரை என்று ஒன்று மாதக்கணக்கில், சில வீடுகளில் வருடக்கணக்கில், தொடர்ந்துகொண்டிருக்கும். சின்னரிசின் போன்ற மருந்துகளை முதியவர்கள் நீண்ட நாள் சாப்பிட்டால் தூக்கக்கலக்கம் வரும், பார்க்கின்சன் நோயைப் போன்ற இறுக்கமும் நடுக்கமும் வரலாம். அதுவே மறதி என்றும் தள்ளாமை என்றும் பெயர் வாங்கிவிடும். படுக்கையில் புரண்டால் உலகமே சுழல்கிறது என்று சொல்கிறவர்களில் பலருக்கு நடந்திருப்பது, பையிலிருந்த துகள்கள் பிரிந்து குழலுக்குள் போனதுதான். தலையை முறைப்படி திருப்பித் திருப்பி அவற்றை வெளியேற்றும் சிகிச்சைக்குச் சில நிமிடங்கள் போதும். பலருக்கு மாத்திரையே தேவைப்படாது.

பெரியம்மாவுக்கு முதலில் காதிலிருந்து அழுக்கை எடுத்தார்கள். அப்புறம் பரிசோதனை, அப்புறம் மிஷின். முதல் வாரம் அவர் அதைக் கழற்றி எறியாத குறை. பேப்பரைத் திருப்பும் சத்தம், குழாய்த் தண்ணீர், தான் முறுக்கு கடிக்கும் சத்தம் எல்லாம் ஒரே அளவில் தலைக்குள் மோதுகின்றன என்றார். கையைக் காதருகே கொண்டுபோனால் அது கூவென்று கத்தும். பல வருடமாக வராத ஒலிகளை எது தேவை, எது தேவையில்லை என்று பிரிக்க மூளைக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள் பிடிக்கும். அதுவரை திரும்பத் திரும்பப் போய் மிஷினைச் சரிசெய்துகொள்ள வேண்டும். விற்கிறவர்களில் பலர் இதைச் சொல்வதில்லை, வாங்கிக்கொடுக்கிற பிள்ளைகளுக்குப் பொறுமை இருப்பதில்லை, அதனால்தான் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கியவை பீரோவுக்குள் கிடக்கின்றன. பெரியம்மா பிடிவாதக்காரர், விடவில்லை. ஒருநாள் காலையில் வாசலில் பூக்காரம்மாவோடு முழம் அளப்பதைப் பற்றிச் சண்டை போட்டார். அந்தச் சண்டையைக் கேட்டுப் பல வருடமாகியிருந்தது. அடுக்களையிலிருந்து அக்கா, "அம்மா வந்துட்டாங்க" என்றாள். அவருடைய மறதி குணமாகவில்லை. சாப்பிட்டோமா என்று கேட்கிறார், இறந்துபோன தம்பி எப்போது வருவான் என்று கேட்கிறார். காது கேட்டதால் நோய் எவ்வளவு தள்ளிப்போனது, தள்ளிப்போனதா என்பதையெல்லாம் ஒரு மனுஷியை வைத்துக் கணக்கிட முடியாது. ஆனால் அவர் கேட்கிறார், நாங்கள் பதில் சொல்கிறோம், அந்தப் பதில் அவரிடம் போய்ச் சேர்கிறது. மறதிநோயைத் தடுத்தால்தான் இதற்கு மதிப்பு என்று பேசுவதை என்னால் ஏற்க முடியாது. தன் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்வது, எந்த வயதிலும், எந்த நோயிலும் ஒருவருடைய உரிமை.

வீட்டுப் பெரியவருக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்து மருத்துவரிடம் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாவட்டங்களில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. முதலில் அங்கே போய்க் காதில் அழுக்கெடுத்து, பரிசோதித்துக்கொள்ளுங்கள். தலைசுற்றலோ தள்ளாட்டமோ இருந்தால் அதையும் அங்கேயே தவறாமல் சொல்லுங்கள், சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் கையோடு எடுத்துப்போங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள மூத்த குடிமக்களுக்கு 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டத்தில் காது மிஷின் இலவசம், கேட்டுப் பெறுங்கள். அதன் பிறகு, மிஷினைக் காதில் மாட்டிக்கொண்டு, சத்தமில்லாத அறையில், மருத்துவரின் உதடு தெரியும்படி உட்கார்ந்து ஞாபகசக்திச் சோதனைக்குப் போங்கள். அப்படி எடுக்காத ஒரு மதிப்பெண்ணை வைத்து உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ டிமென்ஷியா என்று யாரும் எழுத விடாதீர்கள்.